லென்ஸைத் துண்டால் துடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூரில் 20 வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துவருகிறேன். பொங்கல் வந்தால் பாலமேடு, அலங்காநல்லூர் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன வாரம் உங்கள் இதழில் ஜல்லிக்கட்டைப் படம் பிடிப்பது பற்றி நல்ல கட்டுரை வந்திருந்தது. ஆனால் வாடிவாசல் புழுதியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

என் முதல் கேமரா சோனி பிடி170. ஒரு வருடம் அலங்காநல்லூரில் எதிர்வெயிலில் நின்று, வைடில் (ஜூம் இல்லாத அகலக் காட்சியில்) வைத்து மாடுகள் சீறி வருவதை எடுத்தேன். சின்ன வியூபைண்டரில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால் வானம் முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். ஜூம் செய்து எடுத்த காட்சிகளிலோ ஒரு புள்ளியும் இல்லை. அதே லென்ஸ், அதே தூசி!

காரணம் அப்புறம்தான் விளங்கியது. அந்த லென்ஸின் குவியத்தூரம் ஜூம் செய்யச் செய்ய 6-லிருந்து 72 மி.மீ. வரை போகும். 6 மி.மீ. வைடில், நல்ல வெயிலில் ஐரிஸ் (லென்ஸுக்குள் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் துளை) எஃப் 11 என்ற சின்ன அளவுக்குச் சுருங்கிவிட்டால், ஒளி நுழையும் வழி சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஒரு மண்துகளே அதில் பாதியை அடைத்துவிடும். 72 மி.மீ. டெலியில், அதாவது முழு ஜூமில், ஐரிஸ் முழுக்கத் திறந்திருந்தால் அதே வழி 30 மி.மீ. அங்கே தூசி இருப்பதே தெரியாது. அதனால் வைடில் எடுக்கும்போது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டரைப் போட்டு ஐரிஸைத் திறந்து வையுங்கள். வெயில் நேராக லென்ஸில் விழாமல் ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் மறைப்பு) மாட்டுங்கள். புள்ளிகள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இதெல்லாம் தெரியாமல் அன்று பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தேன். மணல் கண்ணாடியையே கீறும்; அதன் மேல் பூசியிருக்கும் மெல்லிய கோட்டிங் எந்த மூலைக்கு? மயிரிழை போலக் கீறல்கள் விழுந்துவிட்டன. அடுத்து வந்த முகூர்த்தங்களில் குத்துவிளக்கு, டியூப்லைட் எது பிரேமுக்குள் வந்தாலும் சுற்றிலும் வெள்ளையாகப் படர்ந்தது. தாலி ஏறும் நேரத்தில் மணப்பெண்ணின் முகமே வெளிறித் தெரிந்தது. அந்த நிமிடத்தை அவர்களுக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியுமா? இன்றும் எனக்கு அது ஆறாத வருத்தம்.

லென்ஸைக் கீழே பார்த்தமாதிரி பிடித்து, ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துக் கறையாகும். போகாத தூசியை மென்மையான பிரஷால் தட்டுங்கள். விரல்ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் மைக்ரோபைபர் துணி. கிளீனரையும் துணியில்தான் ஒரு சொட்டு விட வேண்டும், கண்ணாடியில் அல்ல. முன்னால் ஒரு யூவி பில்டர் எப்போதும் இருக்கட்டும். கீறல் விழுந்தாலும் அதைக் கழற்றிப் போட்டுவிடலாம்.

தை பிறக்குமுன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால், இந்த வருடம் முதல்முறையாகக் கேமராவோடு வாடிவாசலுக்கு எதிரே நிற்கப்போகும் தம்பிகள் பையில் ஒரு புளோயரும் எடுத்து வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வீடியோகிராபர், மேலூர்.