பைன் பலகை சொல்வது

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் மரக்கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பைன் பலகைகளும் கடைக்கு வரும். முனையில் லேசாக இழைப்புளி போட்டுத் தண்ணீர் தடவினால் வளையங்கள் பளிச்சென்று தெரியும். வசந்தத்தில் வளர்ந்தது வெளுப்பு, கோடை முடிவில் வளர்ந்தது கருஞ்சிவப்புக் கோடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். தண்ணீர் கிடைக்காத வருஷத்து வளையம் நூல் போல இருக்கும்.

“வெயில் கூடினால் மரம் நன்றாகத்தானே வளரும்?” என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். குளிர்ந்த மலை உச்சிகளில் அது ஓரளவு சரி, வளரும் காலம் நீளும். ஆனால் தண்ணீர்? கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நிற்கும் ராட்சத செக்கோயா என்னும் ஊசியிலை மரங்களுக்குக் கோடையில் மழை அரிது. உருகும் பனிதான் வேருக்குத் தண்ணீர். வெப்பம் ஏறினால் பனி முன்கூட்டியே உருகிவிடும். மரம் ஈரத்தைக் காக்க இலைத்துளைகளை மூடும்; மூடினால் உணவுத் தயாரிப்பும் குறையும். 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் பல மரங்கள் ஊசியிலைகளை உதிர்த்தன. 2020 காட்டுத்தீயில், அரை மீட்டர் வரை தடித்த பட்டை இருந்தும், உலகின் பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒன்றாவது அழிந்தது. (நூறாண்டாகச் சிறு தீயையும் அணைத்துச் சருகு சேரவிட்டதும் ஒரு காரணம், வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.)

நம் கொடைக்கானலில் பைன் நடுவது வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. அங்கே புயலில் சாயும் மரங்களின் அடித்துண்டுகளில் ஒன்றிரண்டை எடுத்துவைத்து, வளையங்களை அளந்து, மழைக்கணக்கோடு ஒப்பிட வனத்துறை ஏற்பாடு செய்யலாமே.

ஒரு மரக்கடைக்காரர், மதுரை