பழுதைக் கண்டறியாமலே பாகங்களை மாற்றியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும் பழைய காருக்குத் தேவையற்ற வேலைகள் செய்தது – கட்டணத்தைத் திருப்பித் தரவும் வயரிங்கைச் சீர்செய்யவும் கோருதல்

ஐயா,

கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயிண்டும் (மின்சாரத்தை விட்டுவிட்டு இணைத்துத் தீப்பொறி உண்டாக்க உதவும் தொடுமுனைகள்) கொண்ட என் பழைய காரைத் தங்கள் பணிமனையில் ஒப்படைத்தபோது, சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்வரை இன்ஜின் ஓடுகிறது என்றும், கையை எடுத்துச் சாவி ஆன் நிலைக்குத் திரும்பும் கணத்திலேயே நின்றுவிடுகிறது என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன். தங்கள் ஜாப் கார்டிலோ "ஸ்டார்ட் ஆகி நிற்கிறது" என்று மட்டுமே பதிவாகியுள்ளது. பழுதுக்கான துப்பு விடுபட்டுப்போன பகுதியில்தான் இருந்தது.

பெட்ரோல் வராமல் நிற்கும் இன்ஜின் இப்படி நிற்பதில்லை. கார்புரேட்டரின் மிதவை அறையில் தேங்கியிருக்கும் பெட்ரோல் தீரும்வரை சற்று நேரம் ஓடி, பிறகு திணறி அணையும். பம்ப் பழுதானாலும் ஃபில்டர் அடைத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். சாவியை விட்டதுமே வெட்டினாற்போல் நிற்பதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. பேலஸ்ட் ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் பாகம்) பொருத்திய இவ்வகைக் கார்களில், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி மின்சாரம் அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து நேராக, தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலுக்குச் செல்லும். சாவி ஆன் நிலைக்கு வந்தபின் ரெசிஸ்டர் வழியாக மட்டுமே செல்லும். ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தால் ஸ்டார்ட்டில் தீப்பொறி இருக்கும், ஆனில் இருக்காது. சாவியை ஆனில் வைத்து, காயிலின் பாசிட்டிவ் முனையில் மல்டிமீட்டரை வைத்தாலே இது தெரிந்துவிடும்.

அந்தச் சோதனை நடந்ததற்கான குறிப்பு தங்கள் பில்லில் எங்கும் இல்லை. மாறாக, கார்புரேட்டர் முழுவதும் பிரித்து மாட்டப்பட்டிருக்கிறது; பெட்ரோல் பம்ப் மாற்றப்பட்டிருக்கிறது. குறை மட்டும் அப்படியே இருந்தது.

இதைவிடக் கவலை தருவது இரண்டாம் முறை செய்த வேலை. ரெசிஸ்டரைத் தாண்டி ஒரு வயரை இழுத்து, காயிலுக்கு எந்நேரமும் முழு 12 வோல்ட் போகும்படி இணைத்து, "சரியாகிவிட்டது" என்று ஒப்படைத்தீர்கள். இன்ஜின் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ரெசிஸ்டருடன் இயங்குவதற்கென்றே செய்யப்பட்ட காயில் அதனால் தொட முடியாத அளவுக்குச் சூடேறுகிறது, பாயிண்டுகளும் கருகியிருக்கின்றன. பழுதைக் கண்டுபிடிப்பதற்காகச் சில நிமிடங்கள் அப்படி வயர் கொடுத்துப் பார்ப்பது வழக்கம்தான். அதையே நிரந்தரமாக விட்டுவைப்பது எந்த வகையில் பழுதுநீக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னர் வேறொரு எலக்ட்ரீஷியன் சோதித்தபோது, ஓரிரு ஓம் காட்ட வேண்டிய ரெசிஸ்டர் முற்றிலும் அறுந்திருப்பது உறுதியானது.

எனவே, கார்புரேட்டர் வேலைக்கும் பம்புக்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தருமாறும், அந்த வயரை நீக்கி, காயிலுக்குப் பொருத்தமான ரெசிஸ்டரையும் புதிய பாயிண்டுகளையும் தங்கள் செலவிலேயே பொருத்தித் தருமாறும், சூட்டில் காயில் கெட்டிருந்தால் அதையும் மாற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பழைய பம்ப் இதுவரை என்னிடம் தரப்படவில்லை. அது நல்ல நிலையில் இருந்தது என்றே கருதுவதால், அதையும் திருப்பித் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், பில்களையும் ஜாப் கார்டின் நகலையும் இணைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்