வாசல் புல்லுக்கு லாரித் தண்ணீரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் காங்கேயம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டு வாசலில் பஃபலோ புல்லைப் பதித்துவிட்டு, சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். நிழலில் அது நன்றாக வரும், சரி. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் ஊர் வெட்டவெளிக்கு அருகம்புல்தான் தோது. மண்ணுக்கடியில் தண்டு ஓடுவதால், மேலே காய்ந்து பழுப்பாகிப் போனாலும் மழை பெய்ததும் துளிர்த்துவிடும். களையென்று அதைப் பிடுங்கிப் பிடுங்கியே கை காய்த்தவள் நான். அதன் பிடிவாதம் எனக்குத் தெரியும். தினமும் தெளிக்காமல், விட்டு விட்டு நன்றாக நனைய விட்டால் வேர் ஆழமாக இறங்கும். ஒட்ட வெட்டவும் வேண்டாம். கொரங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப் புல்லும் வறட்சி தாங்கும்தான், ஆனால் குத்துக் குத்தாக வளரும். மாட்டுக்கு ஆகும், வாசலுக்கு ஆகாது. புதிதாகப் போடும் பூங்காக்களிலாவது அருகம்புல்லை நடலாமே?

வாசகி ஒருவர்,
காங்கேயம்