அமைதிக் கூட்டம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

திருவிழாத் தகராறு அமைதிக் கூட்டத்தில் 'சுமுகமாக' முடிந்தது என்ற செய்தியைப் படித்தேன். யாருக்கு என்ன உரிமை கிடைத்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கை ஓங்காமல் இருப்பது மட்டுமே அகிம்சை அல்ல. அநியாயத்தை அப்படியே விட்டுவிட்டு அமைதி கேட்பது, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதுதான். புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரும் கலவரம் கேட்கவில்லை; எட்டு மணி நேர வேலை போன்ற உரிமைகளைத்தான் கேட்டார்கள்.

எங்கள் ஊர் சுடுகாட்டுப் பாதைத் தகராறிலும் அமைதிக் கூட்டம் நடத்தி, இரு தரப்பும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சரி, பாதை? அது திறக்கவில்லை, அடுத்த இறுதி ஊர்வலத்திலேயே மறுபடியும் சண்டை. நிலத்தை அளந்து கல் நட்ட பிறகுதான் ஓய்ந்தது. எனவே அமைதிக் கூட்டத் தீர்மானத்தில் என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

- ஒரு வாசகர், கடலூர்