எடைச்சீட்டில் இல்லாத எடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் சாலையோரம் சாய்ந்துகிடந்த படத்தைச் சென்ற வாரம் வெளியிட்டு, 'அதிக பாரமே காரணம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பண்ருட்டிப் பக்கம் இருபது ஆண்டுகளாக டிரெய்லர் கட்டியும் பழுது பார்த்தும் பிழைப்பவன் நான். எதற்கு அதிகம்? வண்டிக்கா, அச்சுக்கா, டயருக்கா? பட்டறையில் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

விவசாயியின் கையில் இருப்பது எடைமேடைச் சீட்டு. பாரத்தோடு எவ்வளவு, காலி வண்டி எவ்வளவு, கழித்தால் கரும்பு எவ்வளவு. பணம் பட்டுவாடாவுக்கு அது போதும். எந்த அச்சில் எவ்வளவு இறங்கியது என்று அதில் இருக்காது.

நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலி எடை 2 டன். முன் அச்சும் பின் அச்சும் தலைக்கு 4.5 டன் தாங்கும். மொத்தம் 9 டன். ஆக, 7 டன் சரக்கு ஏற்றலாம். சரியாக 7 டன்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் கட்டுகளைப் பின்பக்கம் வால் போல நீட்டி அடுக்கிவிட்டால் பின் அச்சில் 5.5 டன் விழும், முன் அச்சில் 3.5 டன்தான். சீட்டில் அதே 9 டன். பின் அச்சு மட்டும் ஒரு டன் கூடுதலாகச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுகிறது. சாலைக்கும் இது ஆகாது. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் சாலை போட்டு லாரி ஓட்டிப் பார்த்த சோதனையில் கண்டது: அச்சுப் பாரம் கூடினால் சாலைச் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் படியில், அதாவது கூடிய விகிதத்தை நான்கு முறை வைத்துப் பெருக்கிய அளவில், ஏறும். நம் கணக்கில் 4.5 டன் 5.5 ஆனால், அந்த அச்சு சாலையை இடிப்பது இரண்டேகால் மடங்கு.

அச்சு தாங்கினாலும் டயர் தாங்க வேண்டுமே. டயரின் பக்கவாட்டில் பாரக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். 120 என்றால் 1,400 கிலோ, 130 என்றால் 1,900, 140 என்றால் 2,500. 4.5 டன் அச்சில் 120 போட்ட பழைய டயர் இரண்டை மாட்டினால் அந்த அச்சின் தகுதி 2.8 டன்தான். ஹப், பேரிங், ஸ்பிரிங் பட்டை, கொக்கி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. இருப்பதில் நோஞ்சான் எதுவோ, அதன் எண்தான் வண்டியின் எண். டயர் வாங்க வருபவர்களில் இந்த எண்ணைப் பார்த்து வாங்கியவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும்.

இன்னொரு பேச்சும் பட்டறையில் அடிக்கடி எழும். 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. 'சட்டமே கூட்டிவிட்டது, நீ ஏன் தடுக்கிறாய்?' என்கிறார்கள். அது சாலைக்கு விதித்த உச்சவரம்பு. அரசிதழில் எண் மாறியதால் நம் வண்டியின் அச்சு ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை.

நானும் உத்தமன் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டார் என்று அவர் டிரெய்லருக்குப் பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக வைத்துக் கொடுத்தேன். வண்டி அமுங்காமல் நின்றது, அவருக்கும் மகிழ்ச்சி. அமுங்காத வண்டியில் இன்னும் ஏற்றினார். அடுத்த வெட்டுக்கே அச்சு முனை முறிந்து, சக்கரம் தனியாக உருண்டு வயலில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. முறிந்த துண்டைக் கொண்டுவந்தார்கள். வெட்டுமுகத்தில் முக்கால்வாசி கறுத்துத் துருவேறியிருந்தது. மிச்சம் கால்வாசிதான் புதுச் சர்க்கரை போல மினுங்கியது. பல நாளாகவே விரிசல் விட்டு, கடைசி கால்வாசியில்தான் வண்டி ஓடியிருக்கிறது. பட்டை வைத்தால் அச்சுக்குப் பலம் வராது, அமுங்கிக் காட்டும் எச்சரிக்கைதான் போகும் என்பதை அந்தத் துண்டிடம் கற்றேன். இப்போதும் அது என் மேசையில்தான் கிடக்கிறது, பில் பறக்காமல் இருக்க.

மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் வண்டி மாட்டிய பிறகு. ஆலை வாசலிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டிராக்டரும் டிரெய்லரின் முன் அச்சும் மேடையைக் கடந்து, பின் அச்சு மட்டும் மேடைமீது நிற்கும்போது ஒரு முறை எண்ணைப் பார்த்துச் சீட்டில் அச்சடித்தால் போதும். புதுக் கருவி வேண்டாம். அரை நிமிடம் ஆகும். கரும்பாலைகளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். தாங்களும் அடுத்த முறை டிரெய்லர் கவிழ்ந்தால், பின் அச்சில் எத்தனை டன் என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு, பட்டறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு டிரெய்லரின் முன்பலகையிலும் அச்சு, டயர், காலி எடை மூன்றையும் மஞ்சள் பெயிண்டில் எழுதி அனுப்புகிறேன். போன மாதம் ஒருவர், '4.5 என்பதை 6.5 என்று எழுதிக் கொடுங்களேன், பெயிண்ட்தானே' என்றார்.

இப்படிக்கு,
டிரெய்லர் பட்டறைக்காரர் ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.