‘பார்க்கலாம்’ என்பதும் ‘பயன்படுத்தலாம்’ என்பதும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி கீபோர்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் இதழ் இந்த விஷயத்துக்கு இடம் ஒதுக்கியதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. ஆனால் ஹெலிபோர்டு, ஃபியூட்டோ என்ற இரண்டு ஆண்ட்ராய்டு கீபோர்டுகளையும் சேர்த்துச் சொல்லி, இரண்டுமே ஓப்பன் சோர்ஸ்தான், அதாவது யாரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பிறருக்குத் தரக்கூடியவைதான், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டுரை முடித்துவிட்டது. ஹெலிபோர்டு ஓப்பன் சோர்ஸ். ஃபியூட்டோ அப்படி இல்லை. கோத்தகிரியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். இந்த வித்தியாசம் என் தொழிலையும் என்னிடம் வருகிறவர்களையும் நேராகத் தொடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிறு தேயிலை விவசாயிகள். இலை எடை, ஃபேக்டரி பணம் போட்ட விவரம், தேயிலை வாரியம் மாதாமாதம் சொல்லும் விலை, சங்கக் கூட்டம், துக்கச் செய்தி எல்லாமே வாட்ஸ்அப் குழுக்களில்தான். நாள் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்த விரலால் குட்டிக் குட்டி எழுத்தைத் தேடித் தட்டுவது சிரமம். அதனால் விரலை எடுக்காமல் இழுத்தபடியே எழுதும் ஸ்வைப் முறை பலருக்குப் பிடித்துப்போய்விட்டது. வாய்ஸ் டைப்பிங் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான போன்களில் அதற்கு இன்டர்நெட் வேண்டும். மழைக்காலத்தில் கெங்கரை, சோலூர்மட்டம் பக்கம் போய்ப் பார்த்தால் ஏன் யாரும் அதை நம்புவதில்லை என்று தெரியும்.

இங்கே படுகர்கள் தங்கள் மொழியைப் பெரும்பாலும் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறார்கள். போனோடு வரும் கீபோர்டுக்கு அந்த மொழி தெரியாது. போன மார்கழியில் ஓர் அம்மா போனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். படுகர்களின் தெய்வமான ஹெத்தையின் ஹப்பாவுக்கு உறவுக்காரர்களை அழைத்துச் செய்தி எழுதியிருந்தார். ஹப்பா என்றால் திருவிழா. அவர் ‘ஹப்பா’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ‘அப்பா’ என்று விழுந்திருந்தது. ஊர் என்ற பொருளில் எழுதிய ‘ஹட்டி’ எல்லாம் ‘வட்டி’ ஆகியிருந்தது. “தம்பி, நான் பேசுறதையே இது மாத்துது, சரி பண்ணிக் குடு” என்றார். தட்டி எழுதினால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளலாம். ஸ்வைப் செய்தால் அந்தச் சொல் வரவே வராது.

காரணம் ஸ்வைப் வேலை செய்யும் விதம். 2000களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஷூமின் ஜாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் ஆகியோர் இந்த முறையை உருவாக்கினார்கள். விரல் போட்ட கோட்டை எடுத்து, கைவசம் உள்ள சொற்பட்டியலில் எந்தச் சொல்லை எழுதினால் இப்படி ஒரு கோடு வரும் என்று ஒப்பிட்டு, மிக நெருங்கிய சொல்லைத் தருவதுதான் அதன் அடிப்படை. பட்டியலில் இல்லாத சொல்லை எவ்வளவு சரியாக வரைந்தாலும் பயனில்லை. படுக மொழிக்கு மட்டுமல்ல, தமிழுக்கே இது பெரிய சிக்கல். ‘தோட்டம்’ என்று ஒரு சொல்லைப் போட்டால் போதாது. தோட்டத்தில், தோட்டத்திலிருந்து, தோட்டத்துக்கும், தோட்டத்தில்தான், தோட்டத்துக்காரர்களிடம் என்று அது கிளைத்துக்கொண்டே போகும். வினைச்சொல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்துக்குச் சில பத்தாயிரம் சொற்களில் ஓட்டிவிடலாம். தமிழுக்கு அத்தனை சொற்கள் எந்த மூலைக்கும் போதாது. விகுதிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் வழியை அந்த நிரலுக்குள்ளேயே யாராவது எழுதியாக வேண்டும். அதற்கு அந்த நிரல் நம் கையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் உரிமம், அதாவது நிரலை வைத்து யார் என்ன செய்யலாம் என்ற நிபந்தனை, வருகிறது. ஆண்ட்ராய்டின் அடிப்படை கீபோர்டை கூகுள் அப்பாச்சி 2.0 என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. அதன் மேல் கட்டியது ஓப்பன்போர்டு என்ற கீபோர்டு. அதன் வேலை தேங்கியபோது வேறு ஆட்கள் அதே நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். ஓப்பன்போர்டின் ஜிபிஎல் 3 என்ற திறந்த உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அதுதான் 2024இல் ஹெலிபோர்டு என்ற பெயரில் வந்தது. இதற்கு நேர்மாறான கதை ஸ்வைப் (Swype) என்ற நிறுவனத்துடையது. இந்த முறையைப் பிரபலமாக்கிய கீபோர்டு அது. 2011இல் நியூவான்ஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது, 2018இல் நிறுத்திவிட்டது. ஆண்டுக்கணக்காகப் பழகியவர்கள் வேறு கீபோர்டுக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த நிரலை எடுத்துத் தொடர வெளியில் யாருக்கும் உரிமை இல்லை.

ஹெலிபோர்டில் சொற்பட்டியல் சேர்ப்பது எப்படி என்று கட்டுரை சொல்லவே இல்லை, அதனால் நான் சொல்கிறேன். ஒரு சாதாரணக் கோப்பில் வரிக்கு ஒரு சொல். பக்கத்தில் அது எவ்வளவு அடிக்கடி வரும் என்பதற்கு 255க்குள் ஓர் எண். அப்புறம் ஒரு சிறு கருவியால் அதை அகராதிக் கோப்பாக மாற்றி, போனில் ஏற்றிவிடலாம். ஹட்டி, ஹப்பா, ஹெத்தை, பேரகணி, நெடுகுளா, கட்டபெட்டு, கவ்வாத்து என்று ஊர்ச் சொற்களை இப்படித்தான் சேர்த்துவருகிறேன். தட்டி எழுதும்போது இப்போது அவை ஒழுங்காக வருகின்றன, மாறிப்போவதும் இல்லை. அந்த அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தேன்.

ஸ்வைப்தான் இன்னும் முடியவில்லை. கூகுள் வெளியிட்ட அந்த அடிப்படை நிரலில் ஸ்வைப்புக்கான இடம் இருக்கிறது, அதை இயக்கும் நிரல் தொகுப்பு (லைப்ரரி) மட்டும் மூடிய கோப்பு. அதை நாமே தேடிக் கண்டுபிடித்து ஏற்றினால் ஹெலிபோர்டு எடுத்துக்கொள்ளும். ஏற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், நான் மறுத்துவிடுகிறேன். அந்தக் கோப்பைப் பிறருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. எங்கிருந்தோ இறக்கியதை நம்பி வந்தவர் போனில் வைக்க மனமும் ஒப்பவில்லை. எனிசாஃப்ட்கீபோர்டு என்ற இன்னொரு கீபோர்டில் திறந்த நிரலிலேயே ஸ்வைப் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கை பழகிய அளவுக்கு அது இன்னும் சரளமாக வரவில்லை. ஆனால் யாரும் எடுத்துத் திருத்தலாம் என்பதால் என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான்.

இனி ஃபியூட்டோ. நல்ல கீபோர்டு என்பதில் சந்தேகமில்லை. ஸ்வைப் உண்டு, பேசி எழுதுவதும் இன்டர்நெட் இல்லாமல் போனுக்குள்ளேயே நடக்கிறது. மூலநிரலை யாரும் படிக்கலாம், தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிறருக்குக் கொடுப்பதென்றால் இலவசமாக, வணிக நோக்கம் இல்லாமல்தான் கொடுக்க வேண்டும். கட்டணம் கேட்கும் பகுதியை நீக்கவும் கூடாது. ஓப்பன் சோர்ஸ் என்பதற்கு 1998 முதல் ஒரு வரையறை இருக்கிறது. எந்த வேலைக்குப் பயன்படுத்தவும், விற்கவும்கூடத் தடை இருக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அந்த நிறுவனமே தன் உரிமத்துக்கு ‘சோர்ஸ் ஃபர்ஸ்ட்’ என்று தனிப்பெயர்தான் வைத்திருக்கிறது. உங்கள் கட்டுரைதான் இரண்டையும் கலந்துவிட்டது.

என் கடையில் இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பழைய போனை வாங்கி, டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றி விற்கிறேன். அதில் ஊர்ச் சொற்கள் சேர்த்த கீபோர்டையும் போட்டுத் தருகிறேன். ஹெலிபோர்டு என்றால் காசு வாங்கலாம். எனக்குக் கிடைத்த அதே உரிமைகளையும் மூலநிரலையும் வாங்குகிறவருக்கும் தந்தால் போதும். இதையே ஃபியூட்டோவை மாற்றி அமைத்துச் செய்தால் உரிமத்தை மீறியவன் ஆகிவிடுவேன்.

பெரிய கம்பெனிகள் திறந்த நிரலைச் சும்மா எடுத்துக் கோடிகள் பார்க்கின்றன, எழுதியவர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, அதனால்தான் இப்படி உரிமம் போடுகிறோம் என்பது ஃபியூட்டோ போன்றவர்கள் பக்கத்து வாதம். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் பெரிய கம்பெனியால் தனியாக ஒரு கீபோர்டையே எழுதிக்கொள்ள முடியும். அவர்களுக்காகப் போட்ட வேலி என்னைப் போன்ற சிறு கடைக்காரனையும், சின்ன மொழிக்காக உழைக்கிறவர்களையும்தான் நிறுத்திவைக்கிறது.

இன்னொரு விஷயம். வேறு கீபோர்டு போடும்போது, நீங்கள் எழுதுவதையெல்லாம், பாஸ்வேர்டு உட்பட, இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு ஓர் எச்சரிக்கை காட்டும். அதைப் பார்த்ததும் பலர் பயந்து வேண்டாம் என்றுவிடுகிறார்கள். போனோடு வந்த கீபோர்டுக்கு இந்த எச்சரிக்கை வராது என்பதால் அது பத்திரம் என்று நினைக்கிறார்கள். 2024இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் சீன மொழிக்கான கீபோர்டு செயலிகளைச் சோதித்தபோது, ஒன்பது நிறுவனங்களில் எட்டின் செயலிகளில் எழுதுவதை வழியிலேயே பிறர் படிக்கக்கூடிய ஓட்டை இருந்தது. அவற்றில் பெரிய போன் கம்பெனிகளின் கீபோர்டுகளும் உண்டு. ஹெலிபோர்டுக்கு இன்டர்நெட் அனுமதியே கிடையாது. அது நிஜமா என்று நிரலைத் திறந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதைக் கடையில் ஒவ்வொருவருக்கும் வாயால் விளக்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் இதழ் எழுதினால் எவ்வளவோ பேருக்குப் போகும்.

அடுத்து அரசுக்கு. தமிழ்99 விசைப்பலகையை 1999இல் தமிழக அரசு தரமாக அறிவித்தது. யார் வேண்டுமானாலும் அதைத் தங்கள் மென்பொருளில் சேர்க்க முடிந்ததால்தான் இன்று எங்கே போனாலும் அதே அமைப்பு கிடைக்கிறது. ஸ்வைப்புக்கும் அதே அக்கறை வேண்டும். விகுதிகளோடு கூடிய தமிழ்ச் சொற்பட்டியலையும், தமிழ் எழுதுகிறவர்களின் சம்மதத்தோடு திரட்டிய விரல் கோட்டு மாதிரிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்ற ஒரு வரி அதில் இருந்தால்கூட ஹெலிபோர்டு போன்றவற்றில் அதைச் சேர்க்க முடியாமல் போகும். பக்கத்துக் கேரளத்தில் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு இன்டிக் கீபோர்டை அப்பாச்சி உரிமத்தில் கொடுத்து, தமிழ் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைச் சேர்த்திருக்கிறது. தன்னார்வலர்களால் அவ்வளவு முடிந்தால் ஓர் அரசு நிறுவனத்தால் இதுவும் முடியும்.

தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகளுக்கும் இதே தேவை இருக்கிறது. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் அந்தந்தச் சமூகத்தாரோடு உட்கார்ந்து, அவர்கள் ஒப்புதலோடு சொற்பட்டியல் தயாரித்தால் எவ்வளவோ நல்லது. தங்கள் சொற்களை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த இதழில் ஃபியூட்டோ பற்றிய வரியைத் திருத்தி வெளியிடுங்கள். சொற்பட்டியல் கோப்பை எப்படி அமைப்பது என்று ஒரு பக்கம் போட இடம் தந்தால் படங்களோடு எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடை நடத்தும் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.