கடல்நாய்களின் பங்கு மொத்த டன்னில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் துருவக் கடலில் வாழும் சீல்களைப் பற்றித் தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடல்நாய் என்று நாம் சொல்லும் இந்த விலங்கை நம் ஆற்றில் வாழும் நீர்நாயோடு குழப்பாமல் எழுதுவதே தமிழில் அரிதாக இருக்கும்போது, அதன் வகைகளைப் பிரித்து எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையின் இரண்டு கருத்துகளை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே கடலில் ஆறு வகைச் சீல்கள் வாழ்வதை அவற்றுக்கிடையே உள்ள ‘எழுதப்படாத உடன்படிக்கை’ என்று கட்டுரையாளர் சொல்கிறார். கடைசியில், கடலில் எல்லாருக்கும் போதிய உணவு இருக்கிறது, மனிதர் அள்ளுவது அதில் நூற்றில் ஒரு பங்குதான் என்று முடிக்கிறார். முதலாவது தவறுதான் இரண்டாவது தவறுக்கு வழிவிட்டது என்பது என் எண்ணம்.

உடன்படிக்கை என்றால் என்ன என்பதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்து முறைப்பாசனம் வரும் ஆண்டுகளில், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், கடைமடைக்கு எப்போது என்று உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறோம். மேல்மடையில் ஒருவர் இரவில் மடையைத் திறந்துகொண்டால் அன்றைக்கே அந்த முடிவு உடைந்துபோகிறது. பேசி வந்த பங்கு என்பதால்தான் அதை மீறவும் முடிகிறது, மறுநாள் மீண்டும் பேசித் திருத்தவும் முடிகிறது. சீல்களின் பங்கு பல்லிலும் மூச்சிலும் கண்ணிலும் அமைந்தது. நிலைமை மாறிவிட்டது என்பதற்காக ஒரு பருவத்திலோ ஒரு தலைமுறையிலோ அதை மாற்றி அமைத்துக்கொள்ள அவற்றுக்கு வழியே இல்லை.

நண்டுதின்னிச் சீலை எடுத்துக்கொள்வோம். கட்டுரையில் அது நண்டு தின்பதாகவே அச்சாகியிருக்கிறது. பெயர்தான் அப்படி, அது நண்டைத் தேடிப் போவதில்லை. அதன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கிரில் என்னும் சிறு உயிரி. நாகப்பட்டினம் கருவாட்டுக் கடைகளில் சென்னாக்கூனி பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் உடனே பிடிபடும். ஆனால் கிரில் விரல் நீளத்துக்கு வளரும். இந்தச் சீலின் கடைவாய்ப் பல் ஒவ்வொன்றும் பல கிளைகளாகப் பிரிந்து வளைந்திருக்கும். வாயை மூடினால் மேல்வரிசைக் கிளைகளும் கீழ்வரிசைக் கிளைகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திச் சல்லடையாகிவிடும். வாய் நிறைய நீரை மொண்டு, பல்லிடுக்கு வழியே நீரை வெளியேற்றினால் கிரில் மட்டும் உள்ளே நிற்கும். கோடியக்கரைச் சேற்றில் பூநாரை தன் வளைந்த அலகால் செய்வதும் இதே வேலைதான். கிரில் கூட்டம் இரவில் மேல்மட்டத்துக்கு ஏறி வருவதால் நண்டுதின்னியும் பெரும்பாலும் இரவில் மேய்ந்து, நண்பகலில் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் படுத்துக்கிடக்கும்.

வெட்டல் சீல் வாழும் இடமே வேறு. கரையோடு ஒட்டி உறைந்து நகராமல் கிடக்கும் பனித்தளத்துக்கு அடியில், மற்றச் சீல்கள் அதிகம் துணியாத நீரில் அது இரை தேடுகிறது. மூச்சு விடுவதற்கான துளை உறைந்து மூடிவிடாதபடி, முன்னே நீண்ட மேல்வரிசைப் பற்களால் பனியை அராவிக்கொண்டே இருக்கும். வயதாக ஆகப் பல் தேய்கிறது. பல் தேய்ந்தால் துளையைக் காக்க முடியாது, துளை மூடினால் உயிரில்லை. வெள்ளிமீன், பல்மீன் போன்றவற்றுக்காக 600 மீட்டர் ஆழத்துக்கும் அது இறங்கும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்வரை நீருக்குள் இருந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய கண்களை உடைய ராஸ் சீல் கணவாயையும் நடுநீர் மீன்களையும் தேடிப் பனி விளிம்பைக் கடந்து திறந்த கடலுக்குப் போய்விடுகிறது. யானைச் சீலோ ஆயிரம் மீட்டருக்குக் கீழேயும் இறங்கும்.

இங்கே கட்டுரையில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தப் பிரிவு இனத்துக்கு இனம் மட்டும் இல்லை, ஒரே இனத்துக்குள்ளும் உண்டு. வட பசிபிக்கின் யானைச் சீல்களில் ஆண்கள் அலாஸ்கா பக்கத்துக் கண்டத்திட்டின் ஓரத்துக்குப் போய் அடித்தரையில் மேய்கின்றன. பெண்களோ கரையே இல்லாத நடுக்கடலில், நடுநீரில் சிறு மீன்களைத் துரத்துகின்றன. ஒரே கடற்கரையில் குட்டி போட்டுப் படுத்துக்கிடந்த கூட்டம், கடலில் இறங்கியதும் இரண்டாகப் பிரிந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி வாழ்கிறது.

ஆனாலும் எல்லாமே சுத்தமாகப் பிரிந்துவிடுவதில்லை. சிறுத்தைச் சீல் பெங்குவினைப் பிடிக்கும், நண்டுதின்னியின் குட்டியையும் பிடிக்கும். அதோடு அதன் கடைவாய்ப் பல்லும் மூன்று முனைகளோடு சல்லடைபோல் அமைந்திருப்பதால் நண்டுதின்னி தின்னும் அதே கிரிலையும் வடித்துத் தின்னும். வளர்ந்த நண்டுதின்னிகள் பலவற்றின் விலாவில் இணைகோடுகளாகத் தெரியும் நீண்ட தழும்புகள் குட்டிப் பருவத்தில் சிறுத்தைச் சீலிடமிருந்து தப்பியதன் அடையாளம். உடன்படிக்கை என்ற சொல்லை இந்தத் தழும்புகளுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பங்கீட்டை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருந்தாலும், அதைக் கையால் தொட்டு அறிந்தது ஓய்வுக்குப் பிறகு, ஒரத்தநாட்டுப் பக்கம் என் வயலோரம் வெட்டிய 30 சென்ட் குட்டையில்தான். கூட்டு மீன் வளர்ப்பு செய்பவர்களுக்கு இது பாலபாடம்: கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுநீரில், மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், அது அடிச்சேற்றில். முதல் ஆண்டு இந்த மூன்றை மட்டும் விட்டேன், நன்றாக வந்தது. இரண்டாம் ஆண்டு குஞ்சு கொடுத்த வியாபாரி, குட்டையில் இன்னும் இடம் இருக்கிறது, வெள்ளிக்கெண்டையும் போடுங்கள் என்றார். நானும் போட்டேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் முன்னைவிடக் கூடுதலாகவே வைத்தேன், சாணமும் குறைவில்லாமல் இட்டேன். பத்தாம் மாதம் வலை இழுத்தபோது ரோகுவும் மிர்காலும் கொழுத்திருந்தன. கட்லா மட்டும் தலை பெருத்து, உடம்பு மெலிந்து, பாதி கிலோவைத் தாண்டாமல் கிடந்தது. வெள்ளிக்கெண்டையும் மேல்மட்டத்து மீன். அதன் செவுள் சல்லடை மிக நுண்ணியது, பச்சைப் பாசியையே வடித்து எடுத்துவிடும். அந்தப் பாசியைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள்தான் கட்லாவுக்குத் தீனி. கெட்டுப்போனது ஒரு மட்டத்தின் கணக்கு. அடியில் இருந்த உணவு மிர்காலுக்குப் பயன்பட்டது, கட்லாவுக்குப் பயன்படவில்லை. அந்த மெலிந்த கட்லாவைக் கையில் எடுத்துப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

இதனால்தான் ‘நூற்றில் ஒரு பங்கு’ என்ற வாதம் என்னைச் சுடுகிறது. கணக்கு சரிதான். தென் அட்லாண்டிக்கின் தென் துருவப் பகுதியில் 2019-இல் நடந்த கணக்கெடுப்பில் கிரில் ஏறத்தாழ 6 கோடியே 26 லட்சம் டன் என்று மதிப்பிட்டார்கள்; அங்கே பிடிப்பதற்கான வரம்பு ஆண்டுக்கு 6,20,000 டன். ஆனால் அந்தப் பிடிப்பு எந்த இடத்தில், எந்த மாதத்தில் நடக்கிறது? குட்டிக்குப் பால் கொடுக்கும் உரோமச் சீல் தாய், சில நாள் கடலில் மேய்ந்துவிட்டுக் கரையில் பசியோடு காத்திருக்கும் குட்டியிடம் திரும்பியாக வேண்டும். ஏறக்குறைய நான்கு மாதம் அது தீவை விட்டு வெகுதூரம் போக முடியாது. அதற்கு எட்டும் தூரத்துக்குள் இருக்கும் கிரிலை ஒரு கப்பல் அள்ளிவிட்டால், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கோடி டன் மிதந்தாலும் அந்தக் குட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அண்டார்டிக் கடல்வாழ் உயிரின வளங்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் இதை அறியாமல் இல்லை. அந்த 6,20,000 டன்னையும் ஒரே இடத்தில் அள்ளிவிடாதபடி நான்கு உட்பகுதிகளுக்கும் தனித்தனி உச்சவரம்பை 2009-இல் அது விதித்தது. பெங்குவின்களும் சீல்களும் நெருங்கி வாழும் அண்டார்டிக் தீபகற்பப் பகுதிக்கு 1,55,000 டன் மட்டுமே. 2024-இல் அந்த விதியை நீட்டிக்க உறுப்பு நாடுகள் ஒருமனதாக ஒப்பவில்லை; அது காலாவதியாகி, மொத்த வரம்பு மட்டும் மிஞ்சியது. 2025 ஆகஸ்டில் அந்த மொத்த வரம்பே முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியும் முன்பே பிடிப்பை நிறுத்த வேண்டி வந்தது. இன்னொரு பக்கம் பனியும் சுருங்குகிறது: 2023 பிப்ரவரியில் தென் துருவக் கடற்பனி 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாகி, செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியின் அடிப்புறத்துப் பாசியைச் சுரண்டித் தின்றே உயிர் பிழைக்கின்றன. நண்டுதின்னிக்கோ பனிப்பாளம்தான் படுக்கையும் பேறுகால அறையும். இடம் சுருங்கச் சுருங்க, விலகி மேய்ந்தவை ஒரே மட்டத்தில் வந்து நெருக்குகின்றன. என் குட்டையில் நான் அறியாமல் செய்ததை அங்கே எல்லாம் அறிந்தே செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இந்தியா அந்த ஆணையத்தின் உறுப்பு நாடு. மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆய்வு நிலையங்கள் அங்கே நமக்கு உண்டு. ஆகவே இது யாரோ எங்கோ பேசித் தீர்க்கும் விவகாரம் அல்ல, நம் பிரதிநிதியும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார். தாங்கள் நண்டுதின்னி பற்றிய வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் கூடும் ஆணையக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு செய்தி எழுதுங்கள். அதில் மொத்தப் பிடிப்பை மட்டும் தராமல், எந்த உட்பகுதியில் எத்தனை டன், எந்தெந்த மாதங்களில் என்று பிரித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.